பஞ்சு தொட்ட முகம்

அந்த ஸ்டுடியோவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். எப்பேர்ப்பட்ட கரடுமுரடான முகத்தைக் கொடுத்தாலும் பஞ்சாக்கித் தந்துவிடுவார் என்பதால் முதலாளி வைத்த பெயர் அது. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த பெயர் வேறு. சல்லடை.

மீசை அரும்புகிற வயதில் முகப்பரு வந்தது. சாதாரணமாக வந்துவிட்டுப் போகவில்லை, இரண்டு கன்னத்தையும் உழுதுவிட்டுத்தான் போனது. பரு ஆறியது, பள்ளங்கள் நின்றுவிட்டன. பின்பெஞ்சில் எவனோ ஒருவன் ‘சல்லடை’ என்று ஆரம்பிக்க, அந்த வருடம் முடிவதற்குள் வாத்தியாரே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியாரும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வகுப்புப் படம் எடுத்த அன்று முன்வரிசையில் நின்ற இவரை, படமெடுக்க வந்தவர் தோளைப் பிடித்து நகர்த்தி, “நீ பின்னாடி போப்பா” என்றார். உயரம் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு அப்படிப் படவில்லை. அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும்போதுகூட நெற்றிக்குக் கீழே பார்க்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் வந்து சேர்ந்த வேலை, நாள் முழுக்க முகங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிற வேலை. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஸ்டுடியோ. முன்னறையில் முதலாளி படமெடுப்பார். பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய இருட்டில், பஞ்சு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். படம் வந்ததும் முதலில் கான்ட்ராஸ்டைக் குறைப்பார். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இருக்கிற சண்டை அடங்கும். கண்ணுக்குக் கீழே அடர்ந்திருந்த கருமை நீர்த்த மை மாதிரி வெளிறும். அப்புறம் ஷார்ப்னெஸ். அதைக் கொஞ்சம் இறக்கினால் தோலின் துளைகள் மறையும், இன்னும் கொஞ்சம் இறக்கினால் சுருக்கங்கள் கரையும். கண்ணையும் உதட்டையும் பல்லையும் மட்டும் கூர்மையாக விட்டுவைப்பார். அதுதான் சூட்சுமம். கண்ணில் ஒரு பொட்டு ஒளி இருந்துவிட்டால் மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் தேடமாட்டார்கள்.

படத்தை வாங்க வருகிறவர்களை அவர் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பார். உறையிலிருந்து படத்தை உருவுவார்கள்.  பிறகு தோள் கொஞ்சம் நிமிரும். வந்தபோது குனிந்திருந்த பெண் போகும்போது நிமிர்ந்து படியிறங்குவாள். அதைப் பார்க்கும்போது, ஒரு ஆளையாவது பின்வரிசையிலிருந்து முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறையும். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். “உங்க கையில கொடுத்தா கருங்கல்லுகூட கன்னம் வச்சுக்கிட்டு வரும்” என்று கிண்டல் செய்வார். அதையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஓய்வுபெற்ற வெல்டர் அவர். பஞ்சு பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வயதுக்கு மீறிச் சுருங்கிய முகம். கன்னம், மூக்கு, நெற்றி என்று எங்கே பார்த்தாலும் தீப்பொறி தெறித்துச் சுட்ட புள்ளித் தழும்புகள். இடது இமை பாதி தொங்கியிருந்தது. மற்றொரு கண்ணோ அப்போதுதான் ஏதோ குறும்பு செய்துவிட்டு வந்த மாதிரி மின்னியது.

“அப்பாவுக்கு இப்பல்லாம் அப்பப்ப ஞாபகம் தவறுது அண்ணா. நல்லா இருக்கறப்பவே ஒரு படம் எடுத்து வச்சுக்கலாம்னு கூட்டிட்டு வந்தேன்” என்றாள் மகள். பிறகு குரலைத் தாழ்த்தி, “முகத்தைக் கொஞ்சம் சாந்தமா ஆக்கித் தர முடியுமா? ஹால்ல மாட்டப்போறோம். வர்றவங்க போறவங்க பாப்பாங்க” என்றாள்.

“அதெல்லாம் நம்ம பஞ்சு பாத்துக்குவான்” என்றார் முதலாளி.

பஞ்சு பார்த்துக்கொண்டார். அன்று மதியம் முழுக்க அந்த முகத்தோடு இருந்தார். புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தார். நெற்றிக் கோடுகளை இளக்கினார். தொங்கிய இமையை, வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து, மேலே தூக்கி நிறுத்தினார். கடைசியில் கான்ட்ராஸ்டை வழக்கத்தைவிட இன்னும் ஒரு படி இறக்கினார். பனிக்காலத்துக் காலை வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய மனிதர் மாதிரி ஆகிவிட்டார் வெல்டர். தான் செய்ததிலேயே இது தலைசிறந்தது என்று பஞ்சுவுக்குத் தோன்றியது.

படம் வாங்க வந்த அன்று மகள் கண்கலங்கிவிட்டாள். பெரியவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

“யாரும்மா இது? நல்லா இருக்காரே. ஆபீசரா?”

“நீங்கதாம்பா!”

“நானா? அப்ப இத்தனை வருஷம் பட்டறையில வெந்துக்கிட்டு இருந்தவன் யாரு?” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கடகடவென்று சிரித்தார். முதலாளி சிரித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து பஞ்சுவும் சிரித்தார்.

சில மாதங்கள் போயின. ஒரு காலை ஸ்டுடியோவுக்கு வரும் வழியில், மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்று பஞ்சுவை நிறுத்தியது. ‘காணவில்லை’ என்று பெரிய எழுத்து. கீழே அவர் செய்த அந்தப் படம். ஞாபக மறதி உள்ளவர், வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவில்லை, கண்டவர்கள் தெரிவிக்கவும் என்று மகளின் போன் நம்பரோடு போட்டிருந்தது.

அந்த இடத்தில் அவருக்கு முதலில் எழுந்த எண்ணம், படம் நன்றாக அச்சாகியிருக்கிறதே என்பதுதான். ஐயோ பாவம் என்பது அதற்கப்புறம்தான் வந்தது. இந்த வரிசையை நினைத்து நினைத்துப் பின்னாளில் அவர் குன்றிப்போயிருக்கிறார். அன்றைக்கு அது ஒன்றும் தப்பாகப் படவில்லை. ஸ்டுடியோவுக்குப் போய், “அண்ணே, நம்ம படம் ஊரெல்லாம் ஒட்டியிருக்கு” என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளியும் உச்சுக்கொட்டிவிட்டு, “பாவம்பா அந்தப் பொண்ணு” என்றார். பிறகு வேலையைப் பார்த்தார்கள்.

பஞ்சு வேலைக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டும். அந்த வாரத்தில் ஒருநாள் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். தூணோரம் சிமெண்டு பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. சட்டை அழுக்கேறி நிறம் தெரியவில்லை. ஒரு காலில் செருப்பு, மற்றொரு கால் வெறுங்கால், அதில் துணி சுற்றியிருந்தது.

“தம்பி, பட்டறைக்கு எந்த பஸ்ஸு?”

“எந்தப் பட்டறைங்க?”

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நம்ம பட்டறைதான். உனக்குத் தெரியாதா? நீயும் வெல்டிங்தானே? கன்னத்தைப் பாத்தாலே தெரியுதே! கண்ணாடி மாட்டாம நின்னா இப்படித்தான் ஓட்டை விழும்.”

உரக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சட்டென்று பஞ்சுவின் கன்னத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சுவுக்குக் காது மடல்வரை சுட்டது. இத்தனை வருடம் கழித்து, பட்டப்பகலில், நாலு பேர் நடுவில், மறுபடியும் சல்லடை.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பின்னாலிருந்து, “கோவிச்சுக்காத தம்பி, கோவிச்சுக்காத” என்று கிழவரின் குரல் கேட்டது. திரும்பவில்லை. தூணின் அந்தப் பக்கத்திலும் அதே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு மூலை கழன்று காற்றில் படபடத்தது. பஞ்சு அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். நோட்டீசில் இருந்தவரும் பெஞ்சில் இருந்தவரும் ஒருவரேதான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அதற்கும் சில நாட்களுக்குப் பிறகு, இரவு டியூட்டி முடிந்து மனைவி காலையில் வீட்டுக்கு வந்தார். முகம் கழுவிக்கொண்டு அடுப்படி வாசலில் சாய்ந்து உட்கார்ந்தார். பஞ்சு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

“நம்ம வார்டுல ஒரு பெரியவர். பேரு ஊரு எதுவும் சொல்லத் தெரியலை. பஸ் ஸ்டாண்டுல மயங்கிக் கிடந்தாருன்னு யாரோ கொண்டுவந்து சேத்திருக்காங்க. காலெல்லாம் புரையோடிப் போச்சு. இன்னைக்கு விரலை எடுக்கறாங்க. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தாகூட காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டர்.”

“அடப்பாவமே.”

“ஆனா என்ன மனுசன் தெரியுமா? நான் ஊசி போடப் போனா, ‘தள்ளி நில்லும்மா, பொறி தெறிக்கும்’ங்கறாரு. முகம் பூரா புள்ளி புள்ளியா சுட்ட தழும்பு. ஒரு இமை பாதி தொங்குது. அந்த நிலைமையிலயும் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு.”

பஞ்சு டீ டம்ளரை மேடையில் வைத்தார். 

“எந்த இமை?”

“ஏங்க? இடது.”

“உங்க வார்டுல காணவில்லைன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கா?”

“பலகையில இருக்கே. நீங்க செஞ்ச படம்னு நீங்கதானே சொன்னீங்க. அதுல இருக்கறவரு...” மனைவி பேச்சை நிறுத்தினார். “அவரு வேற ஆளுங்க. அவரு இவரு மாதிரியே இல்லையே.”

பஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டுடியோவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டார். முதலாளி எடுத்த படங்களின் ஒரிஜினல்கள் எல்லாம் தனியாக இருக்கும். வெல்டரின் ஒரிஜினலைத் தேடித் திறந்தார். திரை முழுக்க அந்த முகம் வந்து நின்றது. அவர் அழித்த ஒவ்வொரு புள்ளியும் அங்கே இருந்தது. தொங்கிய இமை இருந்தது. தாடி இல்லை, அழுக்கு இல்லை, அவ்வளவுதான். மற்றபடி பெஞ்சில் உட்கார்ந்து ‘நீயும் வெல்டிங்தானே’ என்று கேட்டு மலர்ந்த முகம் இதுவேதான்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மதியம் முழுக்க நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்த முகம். எந்தத் தழும்பு எங்கே இருக்கிறது என்று பெற்ற மகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த முகம் எதிரில் உட்கார்ந்து பேசியும் அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. சரியாகப் பார்க்கவே இல்லை. தன் கன்னத்தைப் பற்றிப் பேச்சு வந்ததுமே, அவருக்கு உலகத்தில் தன் கன்னத்தைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போய்விட்டது.

ஒரிஜினலை மனைவியின் போனுக்கு அனுப்பினார். மனைவி அதை வார்டில் அப்போது டியூட்டியில் இருந்த நர்ஸுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டார். “அவரேதாங்க.” அடுத்து பஞ்சு மகளுக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் வந்துவிட்டிருந்தாள். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த பெரியவர் அவளைப் பார்த்து, “எங்கம்மா போன இவ்வளவு நேரம்? எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்” என்று கோபித்துக்கொண்டார். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பலகையிலிருந்து அந்த நோட்டீசை எடுத்து வந்த காவலர் ஒருவர் படத்தையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, வேற படமே கிடைக்கலையா? இதை வச்சுக்கிட்டுத் தேடினா எப்படிக் கிடைப்பாரு? நானே ரெண்டு தடவை இந்த வார்டைச் சுத்திட்டுப் போயிருக்கேன்.”

“இருந்துச்சு சார்” என்றாள் அவள், தலை நிமிராமல். “போன்ல இருந்துச்சு. சட்டைப் பட்டன் போடாம, ஒரு பக்கமா உக்காந்திருக்கற மாதிரி. அதையா ஊரெல்லாம் ஒட்டறதுன்னு... அப்பா நல்லா இருக்கற மாதிரி போடலாம்னு நான்தான் இதைக் கொடுத்தேன்.”

பஞ்சு சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. மகள் அவரைக் கவனித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அண்ணா, நீங்க மட்டும் போன் பண்ணலேன்னா...”

அந்தக் கும்பிடைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வைதிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பார். வீட்டில் படுக்காமல் திரும்ப வந்திருந்த மனைவி பக்கத்தில் நின்று ‘என்னவோ இருக்கிறது’ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கும்பிடாதம்மா” என்றார் பஞ்சு.  “நான் இவரைப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல. என்கிட்டதான் வழி கேட்டாரு. நான்... மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன்.”

அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

“என்னைக்கு?”

சொன்னார்.

“காலையிலயா?”

“ஆமா.”

“அன்னைக்குக் காலையில நான் எதிர்த்த ரோட்டுலதான் நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு இருந்தேன்” என்றாள் அவள். திட்டவில்லை. திரும்பி அப்பாவின் கட்டிலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அங்கே நிற்க பஞ்சுவுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. படியிறங்கி வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டு எதிரில் வைத்தபிறகுதான், “ஏங்க திருப்பிக்கிட்டீங்க?” என்று கேட்டார். அவர் காரணத்தைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் கன்னத்தைப் பற்றி மனைவியிடம் வாய்விட்டுப் பேசியது அன்றுதான். மனைவி சமாதானம் சொல்லவில்லை. “இதுக்குப் போயா” என்று மட்டும் சொன்னார். சொன்னவுடன், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சோறு ஆறிப்போயிற்று.

சில நாட்கள் பஞ்சு வேலைக்குப் போகவில்லை. போன அன்றே முதலாளியிடம், “அண்ணே, இனிமே தழும்பு, மச்சம், இமை இதையெல்லாம் நான் தொடமாட்டேன்” என்றார்.

“பைத்தியமா உனக்கு? உள்ளது உள்ளபடி வேணும்னா அவன் வீட்டுக் கண்ணாடியிலயே பாத்துக்குவானே, படியேறி இங்க எதுக்கு வர்றான்?”

முதலாளி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வாரமே ஒரு கல்யாணப் பெண் வந்து, மோவாயிலிருந்த மருவை எடுத்தே ஆகவேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டாள். பஞ்சு எடுத்துக்கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கமாட்டேன் என்று சொல்ல, அவரால் எப்படி முடியும்? கான்ட்ராஸ்டை இப்போதும் இறக்குகிறார், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார். வெளிச்சம் மெதுவாக விழுகிறது. கோடுகள் கோடுகளாகவே இருக்கின்றன. சில பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். எல்லாருக்கும் ஒரிஜினலையும் போனில் அனுப்பிவைத்து, “அழிச்சுடாதீங்க, இதையும் வச்சுக்கங்க” என்கிறார். முக்கால்வாசிப் பேர் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறார்கள். முதலாளி தலையிலடித்துக்கொள்கிறார்.

பெரியவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பார். ஒரு தடவை அந்தத் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பிவந்தார். என்னவென்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுவது?

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், மனைவியோடு காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தார். தக்காளிக் கூடைக்கு அந்தப் பக்கம் மகள் நின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்தாள். தலை பாதி அசைந்தது. வணக்கமா, வேறென்னவா என்று பிடிபடுவதற்குள் தராசுப் பக்கம் திரும்பிவிட்டாள். பஞ்சு கையிலிருந்த தக்காளியை உருட்டிக்கொண்டே நின்றார். கால் நகரவில்லை.

“நீங்க இங்கயே இருங்க” என்று மனைவி சுற்றிக்கொண்டு அவளிடம் போனார். இரண்டு பேரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரு இடத்தில் மகள் லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. அவள் கூட்டத்தில் கலந்த பிறகு மனைவி திரும்பிவந்தார்.

“நல்லா இருக்காராம். கம்பு ஊனி நடக்கறாராம். மறுபடி வெளிய போயிடப்போறாரேன்னு கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டாங்களாம். அதை ஆட்டிப் பாத்துட்டு, ‘எவன் பத்தவச்சான் இதை, கையால தட்டினா கழண்டுடும்’னு மருமகனைத் திட்டி, பக்கத்துல நின்னு சரியா பத்தவைக்க வச்சாராம்.”

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது.

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?”

“இல்லை” என்றார் மனைவி.

அவர் தலையாட்டிக்கொண்டார். மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, சேறு படாமல் ஓரமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார்.